ஏறுவது நொடி, தேடுவது நாழிகை

வீட்டைச் சின்னதாக்கிக்கொள்வது என்று முடிவாகிவிட்டது. கணவர் ஓய்வு பெற்றுவிட்டார், மகன் வேறு மாநிலத்தில் குடும்பஸ்தன் ஆகிவிட்டான். இரண்டு பேருக்கு எதற்கு நான்கு படுக்கையறை? முதலில் கராஜை ஒழிக்கத் தொடங்கினோம். ஊரிலிருந்து கப்பலில் வந்த கிரைண்டர், கொலுப்படிப் பலகைகள், கைப்பிடி உடைந்த பனி மண்வாரி என்று ஒவ்வொன்றாக வெளியே வர, எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பச்சை பிளாஸ்டிக் பெட்டி கிடந்தது. தூண்டில் போடுகிறவர்கள் முள்ளும் தக்கையும் வைத்துக்கொள்கிற பெட்டி. மீன் வாடையே ஆகாத சைவ வீட்டில் அதற்கு என்ன வேலை என்று புதிதாகப் பார்க்கிறவர்கள் கேட்கத்தான் செய்வார்கள். மூடியைத் திறந்தேன். தட்டுகள் படிப்படியாக விரிந்தன. கந்தகமும் குழந்தைப் பவுடரும் மரப்பசையும் கலந்த வாசனை குப்பென்று எழுந்தது. மகனின் ராக்கெட் பெட்டி.

மேல் தட்டில் உப்புத்தாள் துண்டுகள், நூல்கண்டு, எலாஸ்டிக் நாடா. நடுத்தட்டில் மின்சாரம் பட்டால் பற்றிக்கொள்ளும் மெல்லிய கம்பிகள். கீழே, எரிந்து முடிந்த மோட்டார்களின் வெற்றுக் குழல்கள். விரல் நீளமுள்ள காகிதக் குழல்தான் ஒவ்வொன்றும். அவற்றின் மேல் மகன் பேனாவால் குறித்து வைத்திருந்தான்: 'குட்டை ஓரம்.' 'சோளக்காடு, நான்காவது வரிசை.' 'கொட்டகைக் கூரை, ஏணி தந்தார்கள்.' 'ஓக் மரம். புயலுக்குப் பிறகு கிடைத்தது.' எல்லாம் விழுந்த இடங்கள். எவ்வளவு உயரம் போனது என்று ஒன்றில்கூட இல்லை.

நாங்கள் மேரிலாந்துக்கு வந்த புதிதில் என் விசாவுக்கு வேலை பார்க்க அனுமதி கிடையாது. ஊரில் கூட்டுறவு வங்கியில் பேரேடும் கையுமாக இருந்தவள், இங்கே ஜன்னல் வழியாகப் பள்ளிப் பேருந்து வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மகன் அப்போது தொடக்கப் பள்ளி. ஒருநாள் பையைக் கீழே போடாமலேயே, "அம்மா, நாசாவில ராக்கெட் விடுறாங்களாம், யாரு வேணாலும் போகலாமாம், காசு கிடையாதாம்" என்றான். கடைசி வார்த்தைக்கு அன்று எங்கள் வீட்டில் மதிப்பு அதிகம். கிரீன்பெல்ட்டில் உள்ள நாசாவின் கொடார்ட் விண்வெளி மையத்துக்குப் போனோம். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, பார்வையாளர் கூடத்தை ஒட்டிய புல்வெளியில், உள்ளூர் ராக்கெட் ஆர்வலர் சங்கத்தார், மாதிரி ராக்கெட்டுகளை விடுவார்கள்.

தொலைக்காட்சியில் பார்த்ததையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு போயிருந்தேன். அங்கே இருந்தவை மடக்கு நாற்காலிகள், தொப்பி போட்ட நரைத்த தலைகள், காகிதக் குழாய்களை மார்போடு அணைத்துக்கொண்ட குழந்தைகள், ஒரு கார் பேட்டரி. அவ்வளவுதான்.

எனக்கு ராக்கெட் என்றால் தீபாவளி. திருநெல்வேலியில் எங்கள் தெருவில் அண்ணன் சோடா பாட்டிலில் ராக்கெட்டைச் செருகி, ஊதுபத்தியால் திரியைத் தொட்டுவிட்டு ஓடிவருவான். உஸ்ஸென்று ஏறும், வெடிக்கும், அதோடு முடிந்தது. குச்சி எங்கே விழுந்தது என்று யாரும் கேட்பதில்லை, வைக்கோல் படப்பு வைத்திருந்த பக்கத்து வளவுத் தாத்தாவைத் தவிர. அவர் மட்டும் அன்றிரவு வாளித் தண்ணீரோடு திண்ணையில் காவல் இருப்பார். விட்டவனுக்கு ஏறினால் போதும், இறங்குவது அவர் பாடு.

கிரீன்பெல்ட் புல்வெளியில் முதல் ராக்கெட் சீறிக்கொண்டு ஏறியதும் அதே கந்தக வாசனை வந்தது. மகன் துள்ளிக் குதித்துக் கைதட்டினான். சுற்றி நின்ற யாரும் தட்டவில்லை. எல்லோரும் புருவத்துக்கு மேல் கையை வைத்து அண்ணாந்தபடியே இருந்தார்கள். உச்சியில் 'டப்' என்று ஒரு சின்னச் சத்தம். ஆரஞ்சு நிறத்தில் பாராசூட் விரிந்தது. அப்போதுதான் கைதட்டல் எழுந்தது.

அன்று ஒலிபெருக்கியைக் கையில் வைத்திருந்தவர் கட்டம் போட்ட சட்டைக்காரர். எண்பதை நெருங்கியவர். எல்லோரும், பத்து வயதுப் பையன் உட்பட, அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். எனக்கு நாக்கு எழவில்லை. 'மிஸ்டர்' போட்டுக் கூப்பிட்டேன், கடைசிவரை அப்படியே கூப்பிட்டேன், வீட்டில் நாங்கள் 'ராக்கெட் தாத்தா' என்றோம். அவர் வரிசையில் நிற்கும் குழந்தைகளுக்கு ஒரு கதை சொல்வார். ராபர்ட் கொடார்ட் 1926 மார்ச் 16 அன்று, மாசசூசெட்ஸ் மாநிலத்து ஆபர்ன் ஊரில், தூரத்து உறவு அத்தை ஒருவரின் பண்ணையில், திரவ எரிபொருளில் ஓடும் உலகின் முதல் ராக்கெட்டை விட்டார். இரண்டரை விநாடி பறந்து, 41 அடி ஏறி, 184 அடி தள்ளிப் போய் முட்டைக்கோஸ் பாத்தியில் விழுந்தது. "உன்னுடையது இன்றைக்கு அதைவிட உயரம் போகும்" என்று சொல்லிக் குழந்தையின் முதுகில் தட்டுவார். கொடார்டின் பெயர் தாங்கிய மையத்தின் வாசலில் நின்று சொன்ன அந்த வார்த்தை பொய்யும் இல்லை. ஒரு கைக்குழந்தை அளவு எடைகூட இல்லாத காகித ராக்கெட், சின்ன மோட்டாரிலேயே 41 அடியைச் சர்வசாதாரணமாகத் தாண்டும்.

பிறந்தநாளுக்கு மகன் கேட்டது எஸ்டெஸ் நிறுவனத்தின் 'ஆல்ஃபா'. 1967 முதல் விற்பனையில் இருக்கிற, ஓர் அடி உயர ராக்கெட். இங்கே பல பேருக்கு அதுதான் முதல் ராக்கெட். காகிதக் குழாய், மூக்குக் கூம்பு, பால்சா மரத்தில் மூன்று துடுப்புகள். சமையலறை மேசையில் செய்தித்தாள் விரித்து இருவரும் உட்கார்ந்தோம். மரத்தின் நார் துடுப்பின் முன்விளிம்பை ஒட்டி ஓட வேண்டும், குறுக்கே ஓடினால் தரையைத் தொட்டதும் ஒடிந்துவிடும் என்று குறிப்பில் இருந்தது. நான் வாசிக்க, அவன் உப்புத்தாளால் தேய்த்தான். மாவு ஒட்டிய சப்பாத்திக் கட்டைக்குப் பக்கத்தில் பால்சா தூள் குவிந்தது.

மோட்டாரின் மேல் 'ஏ8-3' என்று அச்சிட்டிருக்கும். எழுத்து, மொத்த உந்தத்தின் வகை. ஏ வகையைவிட பி இரண்டு மடங்கு, பி வகையைவிட சி இரண்டு மடங்கு. நடுவில் உள்ள எண் சராசரி உந்துவிசை, நியூட்டன் கணக்கில். கடைசி எண், எரிந்து முடிந்த பிறகு எத்தனை விநாடி காத்திருந்து பாராசூட்டை வெளியே தள்ளும் என்பது. ஏ மோட்டாரில் உந்தும் மருந்து ஒரு விநாடிகூட எரியாது. அதன் பிறகு ராக்கெட் தன் வேகத்திலேயே மேலே போய்க்கொண்டிருக்கும், உள்ளே தாமத மருந்து மெல்லப் புகைந்துகொண்டிருக்கும். அந்தப் புகைக் கோட்டை வைத்துத்தான் கண் ராக்கெட்டை விடாமல் பிடித்துக்கொள்ள முடியும். உச்சிக்கு வந்து தயங்குகிற நேரம் பார்த்துக் கடைசித் துளி மருந்து முன்பக்கமாக வெடித்து மூக்கைக் கழற்றும். மூன்று விநாடி என்பது நாலைந்து ஆனால் மூக்கு குப்புறக் கவிழ்ந்து தரையை நோக்கி வேகமெடுத்துவிடும். அப்படிக் குத்தி நின்றவற்றை மண்ணிலிருந்து கீரைக் கட்டு பிடுங்குவதுபோலப் பிடுங்கியிருக்கிறோம்.

முதல் முறை பாராசூட்டை உள்ளே வைக்கச் சொல்லித் தந்தவர் சங்கத்து அம்மாள் ஒருவர், ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. முதலில் தீப்பிடிக்காத மெல்லிய தாளைச் சில துண்டுகள் கசக்கிக் குழாய்க்குள் தளர்வாகப் போட வேண்டும். இறுக்கினால் வழி அடைத்துக்கொள்ளும், குறைத்தால் சூடான வாயு பாராசூட்டை உருக்கிவிடும். பிறகு பாராசூட்டின் மேல் குழந்தைப் பவுடரைத் தூவிக் கையால் நீவி விட வேண்டும், குளிர்நாளில் பிளாஸ்டிக் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் என்பதால். நாலு மடிப்பு மடித்து, கயிறுகளைச் சிக்கல் இல்லாமல் மேலே சுற்றி, விரலால் தள்ளாமல் தானாக இறங்கும்படி விட வேண்டும். "உன் விரல் தள்ளினால்தான் போகும் என்றால், அது வெளியேயும் வராது" என்றார் அந்த அம்மாள். மகன் அன்று முதல் பவுடர் டப்பாவைப் பெட்டியை விட்டுப் பிரித்ததில்லை.

சில மாதத்தில் எனக்கும் அங்கே ஒரு வேலை கிடைத்தது. விடுகிற ஒவ்வொருவரும் ஓர் அட்டையில் பெயர், ராக்கெட், மோட்டார், முதல் முறையாகப் பறக்கிறதா என்ற விவரம் எழுதித் தர வேண்டும். அட்டைகளை வாங்கிச் சரிபார்த்து, எந்த மேடை எண் என்று போட்டு, ஒலிபெருக்கிக்காரரிடம் வரிசையாகக் கொடுக்க ஓர் ஆள் வேண்டும். வங்கிக்காரியின் கை சும்மா இருக்குமா? சம்பளம் இல்லை, ஆனால் மேசை உண்டு, பேனா உண்டு, என் கையெழுத்தில்லாமல் ஒரு ராக்கெட் நகராது. அமெரிக்காவில் எனக்குக் கிடைத்த முதல் நாற்காலி அதுதான்.

அந்த நாற்காலியில் இருந்துதான் விதிகளைக் கற்றேன். சின்ன மோட்டார் என்றால் பதினைந்து அடி தள்ளி நிற்க வேண்டும். சாவி செருகினால்தான் பொத்தான் வேலை செய்யும். வானத்தில் விமானம் இல்லை, களத்தில் ஆள் இல்லை என்று பார்த்த பிறகு, குறைந்தது ஐந்திலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். பொத்தானை அழுத்தியும் பற்றவில்லையென்றால் சாவியை எடுத்துவிட்டு ஒரு நிமிடம் யாரும் கிட்டே போகக்கூடாது. காற்று மணிக்கு இருபது மைலைத் தாண்டினால் பெட்டியை மூடிவிட வேண்டும். மின்கம்பியில் மாட்டிய ராக்கெட் மாட்டியதுதான், எடுக்க ஏறக்கூடாது. அந்தக் கடைசி விதியைச் சொல்லும்போது ராக்கெட் தாத்தா சிரிக்கவே மாட்டார்.

இத்தனை விதியும் எங்கிருந்து வந்தது என்று ஒரு குளிர்காலக் காலையில் அவர் சொன்னார். காற்று ஓயட்டும் என்று எல்லோரும் காருக்குள் உட்கார்ந்திருந்தோம். நெப்ராஸ்கா மாநிலத்து நார்ஃபோக் ஊரில் ஆர்வில் கார்லைல் என்று ஒரு செருப்புக் கடைக்காரர் இருந்தார். வாணவேடிக்கையில் தேர்ந்தவர். அவருடைய சகோதரர் ராபர்ட்டுக்கு மாதிரி விமானங்கள் என்றால் பைத்தியம். ஒருவரின் மருந்தும் மற்றவரின் மரவேலையும் சேர்ந்து 1954-இல், மோட்டாரை மாற்றி மாற்றிப் போட்டுப் பாராசூட்டில் இறக்கக்கூடிய ஒரு சின்ன ராக்கெட் பிறந்தது. நியூ மெக்சிகோவின் வைட் சாண்ட்ஸ் ராக்கெட் தளத்தில் வேலை பார்த்த ஹாரி ஸ்டைன் பத்திரிகைகளில் ராக்கெட் பாதுகாப்பைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார். அதைப் படித்த கார்லைல் தன் ராக்கெட்டுகளை அவருக்கு அனுப்பிவைத்தார். அந்த 1957-ஆம் ஆண்டுதான் அக்டோபரில் ஸ்புட்னிக் பறந்தது. ஊரெல்லாம் பையன்கள் இரும்புக் குழாயில் கையில் கிடைத்த மருந்தை அடைத்துக் கொளுத்தி, விரலையும் கண்ணையும் இழந்துகொண்டிருந்த காலம். மருந்தை நீ கலக்காதே, தொழிற்சாலையில் செய்த மோட்டாரை வாங்கு, காகிதமும் மரமும் மட்டும் உன் பங்கு என்ற ஏற்பாட்டை ஸ்டைன் கொண்டுவந்தார். தேசிய ராக்கெட் ஆர்வலர் சங்கமும் அந்த ஆண்டில்தான் தொடங்கியது. மோட்டாரை ஏராளமாகச் செய்து தர ஆள் தேடியபோது டென்வரில் பட்டாசுத் தொழில் செய்த குடும்பத்துப் பிள்ளை வெர்ன் எஸ்டெஸ் அகப்பட்டார். ஐந்தரை விநாடிக்கு ஒரு மோட்டார் செய்யும் இயந்திரத்தைக் கட்டி அதற்கு 'மேபல்' என்று பெயரும் வைத்தார்.

பட்டாசுக் குடும்பம் என்றதும் நான் சிவகாசியைப் பற்றிச் சொன்னேன். எங்கள் ஊரிலிருந்து பேருந்தில் போய்வருகிற தூரம் என்றேன். தாத்தா ஆவலோடு கேட்டது ஒரே கேள்வி: "உங்கள் ராக்கெட் திரும்பி வருமா?" குச்சி வரும் என்றேன். சிரித்துச் சிரித்து அவருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

அதே காரில் வேறொரு நாள் நான் அவருக்குச் சொல்ல ஒரு சமாச்சாரம் கிடைத்தது. கலாமின் 'அக்னிச் சிறகுகள்' புத்தகத்தை ஊரிலிருந்து யாரோ கொண்டுவந்திருந்தார்கள். 1963-இல் பயிற்சிக்காக அமெரிக்கா வந்த ராமேஸ்வரத்துக்காரர் இந்தக் கொடார்ட் மையத்திலும் வேலை கற்றுக்கொண்டார் என்று அதில் படித்தேன். அங்கிருந்து வர்ஜீனியாக் கடற்கரையில் உள்ள வாலப்ஸ் தளத்துக்குப் போனவர், வரவேற்புக் கூடத்தில் ஓர் ஓவியத்தைப் பார்க்கிறார். போர்க்களம், பறக்கும் ராக்கெட்டுகள். விடுகிறவர்கள் கறுத்த மேனிக்காரர்கள். கிட்டே போய்ப் பார்த்தால் ஆங்கிலேயரை எதிர்த்து நிற்கும் திப்பு சுல்தானின் படை. அந்த ஆண்டு நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து நாசாவின் நைக்கி-அப்பாச்சி ராக்கெட் ஏறியது. மகனிடம் இதைச் சொன்னேன். அடுத்த மாதம் புல்வெளியில் அவன் நிமிர்ந்து நடந்த நடையே வேறு.

துடுப்பு பெரிதாக இருந்தால் என்ன, சின்னதாக இருந்தால் என்ன என்ற கேள்வியும் அங்கேதான் தீர்ந்தது. ராக்கெட் நேராகப் போக, எடையின் மையம் முன்னாலும், காற்று அழுத்தும் மையம் பின்னாலும் இருக்க வேண்டும். பழைய முறையில், எடைமையத்தில் நூல் கட்டித் தலைக்கு மேல் சுழற்றிப் பார்ப்பார்கள். மூக்கு முன்னால் வந்தால் தேறியது. நாங்கள் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் அந்தியில் சுழற்றுவோம், மாடியிலிருந்து ஸ்பானிய மொழியில் கேலி வரும். உயர்நிலைப் பள்ளிக்குப் போனதும் மகன் நூலை விட்டுவிட்டுக் காகிதத்தைப் பிடித்தான். காற்று அழுத்தும் அந்த மையத்தைக் கணக்கிட்டே சொல்லிவிடும் சமன்பாடுகளை 1966-இல் தேசியச் சங்கத்தின் போட்டியில் ஆய்வறிக்கையாக வைத்தவர் ஜேம்ஸ் பாரோமன். பகலில் கொடார்ட் மையத்தில் நிஜ ராக்கெட்டுகளோடு வேலை, ஓய்வில் காகித ராக்கெட். இன்றைக்கும் கணினியில் மாதிரி ராக்கெட் வரைகிற மென்பொருளுக்குள் அவர் கணக்குதான் ஓடுகிறது.

உயரத்தை அன்றெல்லாம் கோணமானியில் அளந்தோம். மேடையிலிருந்து முந்நூறு அடி தள்ளி ஒருவர் நின்று, ராக்கெட்டைக் குறிபார்த்தபடியே கையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். உச்சியில் கோணம் 45 பாகை என்றால் உயரமும் முந்நூறு அடி. மற்றக் கோணத்துக்கு அட்டவணை. நான் கோணத்தைக் கூவுவேன், மகன் 'டேன்' மதிப்பைப் பெருக்குவான். பள்ளியில் முக்கோணவியல் வந்தபோது அவனுக்கு அது பழைய பாடமாக இருந்தது.

இதெல்லாம் சொல்கிறேனே தவிர, என் நினைவில் கெட்டியாக நிற்பது அதற்குப் பிறகு வரும் நடைதான். வயது ஏற ஏற கிரீன்பெல்ட் புல்வெளி அவனுக்குப் போதவில்லை. சங்கத்தார் நாட்டுப்புறத்தில் பெரிய வெளிகளிலும் விடுவார்கள். சி மோட்டாரில் ஆல்ஃபா ஆயிரம் அடி போகும். காற்று கொஞ்சம் இழுத்தால் இறங்கும்போது கால் மைல் தாண்டிவிடும். பறப்பது ஓரிரு நிமிடம்தான். தேடிப் போய்த் திரும்ப அரை மணி, ஒரு மணி. விழுந்த திசையில் தூரத்து மரம் ஒன்றைக் குறிவைத்துக்கொண்டு, கண்ணை எடுக்காமல் நேர்கோட்டில் நடக்க வேண்டும் என்பது சங்கத்துப் பாடம். கண்ணை எடுக்க முடியாது, கையில் வேலை இல்லை, பக்கத்தில் வேறு ஆளும் இல்லை. பேச்சு தானாக வரும்.

வீட்டில் 'பள்ளிக்கூடம் எப்படிடா?' என்றால் 'ம்' என்பவன், சோளத்தாள் உரசும் வரப்பில் மரத்தைப் பார்த்துக்கொண்டே எல்லாம் சொன்னான். மதியச் சாப்பாட்டு மேசையில் எலுமிச்சைச் சாதத்தைப் பார்த்து மூக்கைச் சுளித்த பையன்களைப் பற்றி. பெயரை ஒழுங்காகச் சொல்ல ஆசிரியருக்குக் கற்றுக்கொடுத்துச் சலித்ததைப் பற்றி. கல்லூரியில் பொறியியல் படிக்க விருப்பமில்லை, ஆசிரியராக வேண்டும் என்பதையும் ஒரு சோயா வயலின் நடுவில்தான் சொன்னான். "அப்பாகிட்ட நீ சொல்லும்மா" என்றான். ராக்கெட் கிடைக்கட்டும், சொல்கிறேன் என்றேன். நானும் அந்த நடையில்தான் சிலதைச் சொன்னேன். ஊரில் அம்மா படுத்த படுக்கையாக இருப்பது, போகமுடியாமல் விசா புதுப்பிப்புக்குக் காத்திருப்பது. மேசைக்கு எதிரெதிரே உட்கார்ந்து முகம் பார்த்துச் சொல்ல முடியாதவை.

முட்டைக் கதையைச் சொல்லாமல் முடியாது. ரைட் சகோதரர்கள் பறந்த நூற்றாண்டை ஒட்டி 2003-இல் பள்ளி மாணவர்களுக்கு நாடு தழுவிய ராக்கெட் போட்டி ஒன்றை நடத்தினார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட அடுக்குள்ள ராக்கெட்டில் இரண்டு பச்சை முட்டைகளைச் சரியாக 1,500 அடிக்கு அனுப்பி உடையாமல் இறக்க வேண்டும். மகனும் நண்பர்களும் அணி சேர்ந்தார்கள். அந்தச் சமயம் பார்த்து என் மாமியார் ஆறு மாதத்துக்கு வந்திருந்தார். எங்கள் குளிர்பெட்டிக்குள் முட்டை முதல்முதலாகக் காலெடுத்து வைத்தது அப்போதுதான். தயிருக்காகக் கதவைத் திறந்த அத்தை அப்படியே நின்றுவிட்டார்.

"ஏல, இது என்ன கூத்து? வீட்டுல ஒருத்தரும் திங்காத முட்டைய எதுக்கு வாங்கி அடுக்கி வச்சிருக்க?"

"திங்க இல்ல ஆச்சி. ராக்கெட்ல வச்சு அனுப்ப."

"மேல யாருக்கு?"

"யாருக்குமில்ல. திரும்பி வந்துரும்."

"திரும்பி வாரதுக்கு எதுக்குல அனுப்பணும்?"

அவனால் பதில் சொல்ல முடியவில்லை. ஆனால் மறுவாரமே ஆச்சி களத்தில் கம்பளிச் சால்வையோடு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முட்டையைப் பஞ்சில் பொதிந்தால் போதாது, ஊரில் சந்தைக்குக் கொண்டுபோகிறவர்கள் தவிட்டுக்குள் புதைத்துத்தான் கொண்டுபோவார்கள் என்று யோசனை சொன்னார். பையன்கள் தவிட்டுக்கு எங்கே போவார்கள்? நுரை ரப்பரை முட்டை வடிவில் குடைந்தார்கள். தேர்வுச் சுற்றில் ஒரு முட்டை முழுதாக இறங்கியது, மற்றது விரிசல் விட்டு மஞ்சள் வழிந்தது. விதிப்படி அதோடு சரி. முட்டையைக் கையால் தொடாத ஆச்சி, அன்று ஒரு பழந்துணியை எடுத்துக்கொண்டு பேரனுக்கு முன்னால் குனிந்து ராக்கெட்டைத் துடைத்தார்.

இறுதிச் சுற்றை வேடிக்கை பார்க்க வர்ஜீனியாவில் உள்ள கிரேட் மெடோ வெளிக்குப் போனோம். நாடெங்கிலுமிருந்து நூறு அணிகள். அந்த ஒரு வருடத்தோடு முடிய வேண்டிய போட்டி, வந்த கூட்டத்தைப் பார்த்து ஆண்டுதோறும் நடக்கும் என்றாகிவிட்டது. இன்றும் நடக்கிறது, முட்டையும் போகிறது.

ஒரு விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது அண்ணன் பையனுக்கு ஓர் ஆல்ஃபா பெட்டி வாங்கிப் போனோம். மோட்டாரை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள். ராக்கெட் மட்டும் போனது. பையன் ஒரே நாளில் ஒட்டி, சிவப்பு வண்ணம் பூசி முடித்துவிட்டான். "அத்தை, இதுக்குள்ள சிவகாசி ராக்கெட்டை வெட்டி மருந்தை எடுத்துப் போட்டா என்ன?" என்று கேட்டான். அண்ணனும் பெரிய யோசனைக்காரனைப் போலத் தலையாட்டினான். என் மகன் பதறிவிட்டான். வைட் சாண்ட்ஸில் தொடங்கி விரல் போன பையன்கள் வரை முழுக் கதையையும் வாசல் திண்ணையில் உட்கார்த்தி வைத்துச் சொன்னான். அந்த ஆல்ஃபா பறக்காமலேயே அண்ணன் வீட்டு அலமாரியில், தஞ்சாவூர்ப் பொம்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது. பார்க்கிறவர்களிடம் அண்ணன், "அமெரிக்காவிலேருந்து வந்தது, ஆயிரம் அடி போகும்" என்கிறான்.

இப்போது களம் நிறைய மாறிவிட்டது. கோணமானியைக் காணோம். கட்டைவிரல் அளவு கருவி ஒன்று காற்றழுத்தத்தை வைத்து உயரத்தைக் கண்டுபிடித்து, இறங்கிய பிறகு 'பீப் பீப்' என்று எண்ணிக்கையாகச் சொல்கிறது. மூக்குக் கூம்பை முப்பரிமாண அச்சில் எடுக்கிறார்கள், நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கேட்பவர் குறைவு. கட்டுவதற்கு முன்பே கணினியில் ராக்கெட்டைப் பறக்கவிட்டு உச்சி எத்தனை அடி என்று சொல்லிவிடுகிறார்கள். பெரிய ராக்கெட் விடுகிறவர்கள் உள்ளே ஜி.பி.எஸ் வைத்து, போனைப் பார்த்தபடியே நேராகப் போய் எடுத்து வருகிறார்கள். பெரிய மோட்டார்களின் மருந்தை வெடிபொருள் பட்டியலில் வைத்திருந்ததை எதிர்த்து ஆர்வலர் சங்கங்கள் 2000-இல் தொடுத்த வழக்கு ஒன்பது ஆண்டு இழுத்து, 2009-இல் அவர்கள் பக்கம் தீர்ந்தது. அந்தச் செய்தி வந்த மாதம் சங்கத்தார் கேக் வெட்டினார்கள்.

சோளக்காடு ஒன்று வீட்டுமனையாகிவிட்டது. நாங்கள் குறிவைத்து நடந்த மரங்கள் இப்போது யாருடைய கொல்லைப்புறத்திலோ நிற்கின்றன. ராக்கெட் தாத்தா காலமாகிப் பல வருடமாயிற்று. பவுடர் தூவக் கற்றுத்தந்த அம்மாள் பார்வை மங்கிய பிறகும் வருகிறார். ராக்கெட் ஏறும் சத்தத்தை வைத்தே "சி6" என்று மோட்டாரைச் சொல்லிவிடுகிறார். வேலை அனுமதி கிடைத்து, ஒரு அலுவலகத்தில் கணக்குப் பார்த்து, அதிலிருந்தும் நான் ஓய்வு பெற்றுவிட்டேன். அட்டை வாங்கும் நாற்காலியை மட்டும் விடவில்லை.

சென்ற மாதம் ஒரு தமிழ்க் குடும்பம் வந்தது. புதிதாக வந்தவர்கள் என்பது அப்பாவின் கனத்த குளிர்ச்சட்டையிலேயே தெரிந்தது. மகளுக்கு ஏழெட்டு வயது இருக்கும், ஆல்ஃபாவை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள், துடுப்பில் பசை வழிந்து காய்ந்திருந்தது. அட்டையில் மோட்டார் என்ற இடத்தில் சி6-5 என்று எழுதியிருந்தார் அப்பா.

"முதல் தடவையா தம்பி? ஏ8-ல ஆரம்பிக்கலாமே" என்றேன்.

"ஆயிரம் அடி போகும்னு பாக்கெட்ல போட்டிருக்கே ஆன்ட்டி."

"போகும். காத்து மேற்கேருந்து அடிக்குது. அது இழுத்துட்டுப் போற பக்கம் காடு."

அவர் யோசித்தார். மகள் என்னைப் பார்த்து, "எது போட்டா திரும்பி வரும்?" என்றாள்.

"ஏ."

"அப்ப ஏ."

ஏ8-3 என்று திருத்தி மேடை எண் போட்டுக் கொடுத்தேன். ஏறியது, மூக்கு கழன்றது, பாராசூட் விரிந்தது. புல்வெளியின் முக்கால் தூரத்தில் இறங்கியது. ஓடிப் போய் எடுத்து வர ஐந்து நிமிடம் போதும். அப்பாவும் மகளும் போனார்கள், ராக்கெட்டை எடுத்த பிறகும் திரும்பாமல் அங்கேயே எதையோ பேசிக்கொண்டு, பூ பறித்துக்கொண்டு, வேண்டுமென்றே சுற்றி நடந்து வந்தார்கள். வரிசையில் அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களெல்லாம் விட்டு முடித்துவிட்டார்கள்.

"இப்ப பி போடலாமா ஆன்ட்டி?" என்று அட்டைக்குக் கை நீட்டினார் அப்பா.

காற்று எப்படி என்று கம்பத்தில் கட்டிய துணியைப் பார்த்தேன். கொஞ்சம் தணிந்திருந்தது. போடலாம் என்றேன். "நாலடி கூட நடக்க வேண்டியிருக்கும், பரவாயில்லையா?"

"பரவாயில்ல" என்றாள் மகள், அப்பாவுக்கு முன்பாகவே.